தையற்காரர் மகன் தொகுத்த பேரகராதி

அகராதியைக் கையில் எடுப்போர் அதில் சொல்லின் பொருளைத் தேடுகின்றனரேயன்றி, அதனைத் தொகுத்தவர் யாவர், அவர் எத்துணை ஆண்டுகள் அதற்காக உழைத்தனர் என்று எண்ணுவதில்லை. காவியம் பாடிய புலவர் பெயர் நாவில் நிற்கும். கதை எழுதியவர் பெயரும் நிற்கும். சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, பொருள் வகுத்தவர் பெயரோ அட்டையின் உள்ளே மறைந்து கிடக்கும். அவ்வாறு மறைந்து கிடப்போருள் தலையாயவர், ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் முதன்மைப் பதிப்பாசிரியரான ஜேம்ஸ் மர்ரே ஆவார்.

இன்று உலகில் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளிலோ பிறப்பிலோ ஐயம் எழுந்தால், அறிஞர் அனைவரும் தேடிச் செல்வது அப்பேரகராதியையே. அதனை உருவாக்கியவர் பிரபு குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். பெரும் பல்கலைக்கழகத்தில் தங்கிப் பயின்றவரும் அல்லர். ஊர்த் தையற்காரர் ஒருவரின் மகன். கட்டணம் செலுத்த இயலாமையால் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் அறிந்து கொள்ளத்தக்க வாழ்க்கை இது எனக் கருதி இங்கு வரைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து நாட்டின் தெற்கு எல்லையில், ஹாயிக் என்னும் நகருக்கு அருகே டென்ஹோம் என்ற சிற்றூர் உள்ளது. அவ்வூரில் தாமஸ் மர்ரே என்ற தையற்காரருக்கும் மேரி ஸ்காட் அம்மையாருக்கும் மூத்த மகனாக 1837-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் ஜேம்ஸ் பிறந்தார். இதே சிற்றூரில்தான் 1775-இல் ஜான் லெய்டன் என்பவரும் பிறந்தார். ஆடு மேய்ப்பவரின் மகனாகிய அவர் மருத்துவராகி, 1803-இல் சென்னைக்கு வந்து, கீழை நாட்டு மொழிகள் பலவற்றைக் கற்றவர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் மொழிகளைக் கற்று மேம்படலாம் என்பதற்கு அவ்வூரிலேயே ஒரு முன்மாதிரி இருந்தது.

சிறுவன் ஜேம்ஸ் எழுத்து எதனைக் கண்டாலும் விடமாட்டான். வேற்று மொழி விவிலியம் கிடைத்தால், தான் நன்கறிந்த ஆங்கில விவிலியத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு அம்மொழியைக் கற்றுக் கொள்வான். ஊர்ப் பசுக்கள் இலத்தீன் மொழியில் அழைத்தால் வருகின்றனவா என்று சோதித்துப் பார்த்தான் என்றும் கூறுவர். செடிகொடிகள், பாறைகள், பழைய கோட்டைகள், ஊர் மக்களின் பேச்சு வழக்கு ஆகிய அனைத்தும் அவனுக்குப் பாடங்களாயின.

அக்காலத்தில் மேற்படிப்புக்குக் கட்டணம் உண்டு. தையற்காரர் குடும்பத்தால் அதனைச் செலுத்த இயலவில்லை. பதினான்காம் வயதில் பள்ளிப்படிப்பு முடிந்தது. பள்ளிதான் முடிந்ததேயொழிய, படிப்பு முடியவில்லை. மர்ரேயின் வாழ்வில் நாம் முதற்கண் உணர வேண்டுவது இவ்வேறுபாட்டையே.

ஆசிரியப் பணி

பதினேழாம் வயதில் ஹாயிக் நகரப் பள்ளியில் துணையாசிரியராக அமர்ந்தார். இருபதாம் வயதில் அந்நகரின் வேறொரு கல்விக்கூடத்துக்குத் தலைமையாசிரியரானார். பட்டம் ஏதும் பெறாத ஓர் இளைஞரை அப்பொறுப்பில் அமர்த்தினர் எனின், அவர் தாமே கற்றுப் பெற்றிருந்த அறிவின் அளவை உணரலாம். 1856-இல் ஊர் நண்பர்களோடு சேர்ந்து ஹாயிக் தொல்பொருள் கழகத்தைத் தோற்றுவித்தார்.

அவரிடம் மின்சாரத்தின் முதற்பாடங்களைக் கற்ற ஓர் இளைஞர் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார். தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்தான் அவர். மர்ரேயின் இரண்டாம் திருமணத்தில் மணமகனின் தோழராக நின்றவரும் அவரே.

துயரும் இடப்பெயர்வும்

1862-இல் மேகி ஸ்காட் என்ற இசை ஆசிரியையை மர்ரே மணந்தார். 1864-இல் அவர்தம் பெண் குழந்தை இறந்தது. மனைவியையும் காசநோய் பற்றியது. ஸ்காட்லாந்தின் குளிரை அவர் உடல் தாங்காது என மருத்துவர் கூறவே, நேசித்த ஆசிரியப் பணியைத் துறந்து மர்ரே இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு இந்தியா, ஆஸ்திரேலியா, சீனா ஆகிய நாடுகளோடு வாணிகம் செய்த சார்ட்டர்டு வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்தது. நம் நாட்டு நகரங்களில் இன்று ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி எனக் காண்பது அதன் வழிவந்ததே. எனினும் 1865-இல் மேகி அம்மையார் காலமானார்.

குழந்தையும் மனைவியும் மறைந்து, பிடித்த தொழிலும் கைவிட்டுப் போன நிலையில் மனம் தளர்ந்திருப்பின் அவரை எவரும் குறை கூறியிரார். மர்ரேயோ வங்கிக்கு நாள்தோறும் சென்று வரும் பயண நேரத்தில் இந்துஸ்தானியும் பழம் பாரசீகமும் கற்றார். 1866-இல் பிரித்தானியப் பொருட்காட்சியகத்தில் வேலை கேட்டு விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பத்தில் தாம் அறிந்த மொழிகளாக அவர் குறித்தவை இருபதுக்கும் மேற்பட்டவை. நம் நாட்டுச் சமற்கிருதமும் அவற்றுள் ஒன்று. அவ்வேலை அவருக்குக் கிட்டவில்லை.

1867-இல் ஏடா ரத்வென் என்ற அம்மையாரை மணந்தார். அறிவும் திறமும் வாய்ந்த அவ்வம்மையார் பதினொரு மக்களை வளர்த்து, கணவரின் கணக்குகளையும் கடிதங்களையும் கவனித்து, பேரகராதிப் பணிக்கு மறைவான தூணாக நின்றார்.

ஒதுக்கப்பட்டோர் எழுப்பிய பள்ளி

1870-இல் மர்ரே இலண்டனுக்கு அருகிலுள்ள மில் ஹில் பள்ளியில் ஆசிரியரானார். இப்பள்ளியின் வரலாற்றை நம் கழகத்தார் ஊன்றி நோக்க வேண்டும். இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையைச் சாராத கிறித்தவர்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் கதவு சிறிது திறந்தது. முழு உரிமைக்கு வழி செய்த சட்டம் வந்தது 1871-இல்தான். அவ்வாறு ஒதுக்கப்பட்ட மக்கள் தம் பிள்ளைகளுக்கெனத் தாமே பொருள் திரட்டி 1807-இல் நிறுவியதே மில் ஹில் பள்ளி. மர்ரேயும் அப்பிரிவைச் சேர்ந்தவரே.

பிறர் கதவடைத்தபோது தமக்கெனப் பள்ளி கட்டியோரின் வளாகத்தில்தான் ஆங்கில மொழியின் மாபெரும் நூலுக்குத் தொடக்கம் அமைந்தது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காக எழுப்பும் கல்விக்கூடம் எங்குச் சென்று பயன் தரும் என்பதை அதனை எழுப்புவோரும் முன்னறிய முடியாது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிடியரிசி போல் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து நம் கழகத்தை நடத்திவரும் பெரியோர்க்கு இச்செய்தி ஆறுதலும் ஊக்கமும் தருவதாகும்.

மில் ஹில்லில் இருந்தபடியே 1873-இல் மர்ரே இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் தென்பகுதிப் பேச்சு வழக்கைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. கற்றோர் பலர் கொச்சை என ஒதுக்கிய ஊர்ப்பேச்சுக்கும் ஒலியொழுங்கும் இலக்கணமும் உண்டு என அந்நூல் காட்டிற்று. மறு ஆண்டே எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

பேரகராதித் திட்டம்

ஆங்கிலத்தில் அதற்கு முன் அகராதிகள் இல்லாமல் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி பெரும்புகழ் பெற்றது. ஆயினும் அது மொழியின் சொற்கள் அனைத்தையும் தழுவியதன்று. 1857-இல் இலண்டன் மொழியியற் கழகத்தில் டிரெஞ்ச் என்னும் அறிஞர் அன்றைய அகராதிகளின் குறைகளை எடுத்துரைத்தார். நல்ல சொல், தீய சொல் என அகராதியாசிரியர் தீர்ப்புக் கூறலாகாது. மொழியில் வழங்கிய சொல் ஒவ்வொன்றையும், அது முதன்முதல் எழுத்தில் தோன்றிய காலந்தொட்டு, எவ்வெப்பொருளில் எவ்வெவ்வாண்டில் வழங்கிற்று என்று சான்றுடன் காட்டுதல் வேண்டும். சுருங்கக் கூறின், ஒவ்வொரு சொல்லுக்கும் வாழ்க்கை வரலாறு எழுதுதல் வேண்டும். இதுவே புதிய திட்டமாயிற்று.

முதற் பதிப்பாசிரியர் கோல்ரிட்ஜ் 1861-இல் இளமையிலேயே மறைந்தார். அடுத்து வந்த பர்னிவால் ஆர்வம் மிக்கவர். ஆயின் ஒழுங்குபடுத்தும் பொறுமை அவரிடம் இல்லை. பணி தேங்கிற்று. 1868 முதல் அக்கழகத்தில் உறுப்பினராயிருந்த மர்ரேயின்மீது அனைவர் கண்ணும் விழுந்தது. 1879-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பத்தாண்டில், நான்கு தொகுதிகளில் முடித்துவிடலாம் என்பது அன்றைய கணக்கு.

சீட்டுகளும் இரும்புக் கொட்டகையும்

மில் ஹில் வீட்டுத் தோட்டத்தில் நெளி இரும்புத் தகடுகளால் ஒரு கொட்டகை அமைத்து, அதற்கு எழுத்தகம் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை மர்ரே சூட்டினார். அதனுள் சுவரோரமாக 1,029 சிற்றறைகள் கொண்ட மரத்தட்டுகள் நின்றன. பர்னிவாலிடமிருந்து வந்து சேர்ந்த பழைய சீட்டுகளின் எடை ஏறக்குறைய இரண்டு டன். சாக்கு ஒன்றில் செத்த எலி கிடந்தது; மற்றொன்றில் சுண்டெலி குட்டிகளுடன் குடியிருந்தது. ஆங்கில எழுத்துகளுள் எட்டாவதான ‘எச்’ எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரில் அகப்பட்டன. வேறொரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடைத்தது. அதனுள் பெரும்பகுதி அடுப்பு மூட்டப் பயன்பட்டுப் போயிருந்தது.

சீட்டு முறை மிக எளியது. உதவ விரும்பும் வாசகர் ஒருவர் ஒரு நூலைப் படிக்கிறார். குறிப்பிடத்தக்க சொல் தென்பட்டால், சிறு தாளின் இடப்பக்க மேல்மூலையில் அச்சொல்லை எழுதுகிறார். அதன்கீழ் நூலின் ஆண்டு, ஆசிரியர், நூற்பெயர், பக்கம் ஆகியவற்றைக் குறிக்கிறார். பின்னர் அச்சொல் வந்த தொடரை முழுமையாகப் பெயர்த்தெழுதி அனுப்புகிறார். எழுத்தகத்தில் அச்சீட்டுகளை அகரவரிசைப்படுத்தி, ஒரே சொல்லுக்குரியவற்றைக் கட்டி, ஆண்டு வரிசையில் அடுக்கி, பொருள் வேறுபாடு கண்டு பிரிப்பர். இறுதியில் மர்ரே ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கம் எழுதுவார்.

1879-இல் உதவி வேண்டி அவர் விடுத்த அச்சு வேண்டுகோளைக் கண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் சீட்டுகள் வந்து குவிந்தன. பணி முடியுமுன் வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 50 லட்சம். வீட்டுப் பிள்ளைகளும் கூலி பெற்றுச் சீட்டுப் பிரித்தனர். எழுத்துக் கற்ற குழந்தை எதுவாயினும் அவ்வேலைக்குத் தப்பவில்லை.

நாளொன்றுக்கு 33 சொற்கள் என்பது திட்டம். ஆனால் ஒப்புதல் அளித்தலைக் குறிக்கும் ஒரே சொல்லுக்கு ஒரு நாளின் முக்கால் பங்கு செலவாயிற்று. ஐந்தாண்டு உழைத்தபின் 1884-இல் முதற்பகுதி வெளிவந்தது. அதில் இருந்தவை 352 பக்கங்கள், முதலெழுத்தே முடியவில்லை.

உதவிய கைகள்

இப்பெரும்பணிக்கு உதவியோர் அனைவரும் பேரறிஞர் அல்லர். தாமஸ் ஆஸ்டின் என்பவர் மட்டும் 1,65,000 சீட்டுகள் அனுப்பினார். தாம்சன் குடும்பத்துச் சகோதரிகள் இருவர் பல்லாயிரம் சீட்டுகள் எழுதினர். பெண்களுக்குப் பல்கலைக்கழகப் பட்டம் அரிதாயிருந்த காலம் அது என்பதை மறத்தலாகாது.

பிட்சட்வர்டு ஹால் என்னும் அமெரிக்கர் காசி மாநகரில் பணியாற்றிச் சமற்கிருத நூல்களைப் பதிப்பித்தவர். கற்றோர் அவையில் ஏற்பட்ட பூசலால் மனம் நொந்து, இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் தனித்து வாழ்ந்தார். அவர் இருபதாண்டுக் காலம் நாள்தோறும் நான்கு மணி நேரத்தை ஊதியமின்றி அகராதிக்கு அளித்தார். மைனர் என்ற மற்றோர் அமெரிக்கர் படை மருத்துவர். மனநோயால் 1872-இல் ஒருவரைச் சுட்டுக் கொன்று, பிராட்மூர் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டவர். அவர் அங்கிருந்தே நூல்களைத் தேடிப் படித்து ஆயிரக்கணக்கான சான்றுகளை அனுப்பினார். மர்ரே அவரைப் பலமுறை நேரிற் கண்டு நட்புப் பூண்டார். உலகம் விலக்கி வைத்தவரையும் மர்ரே விலக்கவில்லை. எவர் எழுதினார் என்பதை விட, எழுதியது சரியா என்பதே அவருக்குப் பெரிதாயிற்று.

எதிர்ப்பும் உறுதியும்

அச்சகத்தை ஆண்ட பெருமக்கள் மர்ரேயை எளிதில் விட்டுவிடவில்லை. செலவு கூடுகிறது, காலம் நீள்கிறது என ஓயாது நெருக்கினர். செய்தித்தாளிலிருந்து சான்று எடுக்கலாகாது, பெரும்புலவர் நூல்களே போதும் என்றும் அறிவுறுத்தினர். மர்ரே இணங்கவில்லை. மக்கள் நாள்தோறும் வழங்கும் மொழி செய்தித்தாளில் இருக்கிறது. அதனை விலக்கினால் மொழியின் வரலாறு பொய்யாகும் என்பது அவர் கொள்கை. 1883-இல் துணைவேந்தர் ஜோவெட் தாமே முன்னுரையையும் விதிகளையும் திருத்தத் தொடங்கியபோது, பதவியைத் துறக்கவும் மர்ரே துணிந்தார். நண்பர் ஒருவரின் முயற்சியால் இணக்கம் ஏற்பட்டது. 1896-இலும் பக்கங்களைக் குறைக்காவிடில் பணியையே நிறுத்தலாம் என்ற அச்சுறுத்தல் எழுந்தது. அதனையும் அகராதி கடந்தது.

1885-இல் பள்ளிப் பணியை விட்டு மர்ரே ஆக்ஸ்போர்டு நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு எழுப்பிய இரண்டாம் இரும்புக் கொட்டகை, பக்கத்து வீட்டார் பார்வைக்கு இடையூறாகும் என்று தரையைத் தோண்டிப் பள்ளத்தில் இறக்கிக் கட்டப்பட்டது. ஈரமும் குளிரும் அங்கு நீங்கவில்லை. குளிர்காற்றுப் படாதிருக்கக் கால்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மர்ரே எழுதினார். எடின்பரோ அளித்த முனைவர் தொப்பியை எழுத்தகத்தில் அணிந்தே இருப்பார். அவருக்கு வரும், அவர் அனுப்பும் அஞ்சல் மிகுதியாயிருந்தமையால் அஞ்சல் துறையினர் வீட்டு வாயிலிலேயே தபால் பெட்டி நாட்டினர்.

இங்கு ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. ஆக்ஸ்போர்டு நகரில் முப்பதாண்டு வாழ்ந்து, அந்நகரின் பெயர் பூண்ட பேரகராதியைப் படைத்த அவரை, அங்குள்ள கல்லூரி எதுவும் தன் அவை உறுப்பினராக ஏற்கவில்லை. 1908-இல் மன்னர் சர் பட்டம் அளித்தார். ஆக்ஸ்போர்டு தன் மதிப்புறு முனைவர் பட்டத்தை அளித்ததோ 1914-இல், அவர் மறைவுக்கு முந்தைய ஆண்டில். அறிவு தகுதி தரும். அத்தகுதியைப் பிறர் ஒப்புக்கொள்ளக் காலம் ஆகும். அதுவரை கைப்பணி நிற்றலாகாது.

விடுபட்ட சொற்களும் நம் சொல்லொன்றும்

இத்துணை விழிப்புடன் செய்த பணியிலும் ஒரு சொல் தவறிற்று. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்டு’ என்ற சொல்லுக்குரிய சீட்டுகள் எங்கோ ஒதுங்கிவிட, 1887-இல் அப்பகுதி அச்சொல் இல்லாமலே வெளிவந்தது. 1933-இல் வந்த பிற்சேர்க்கையில்தான் அது இடம் பெற்றது. நாடு, இனப் பெயர்களைச் சேர்ப்பதில்லை என்ற விதியால் முதற்பகுதியில் ஆப்பிரிக்கரைக் குறிக்கும் சொல்லும் விடுபட்டது. ஆயின் அமெரிக்கரைக் குறிக்கும் சொல் உள்ளே இருந்தது. இவற்றை மர்ரே வேண்டுமென்று செய்தார் எனக் கூற முடியாது. எனினும் எளியோரைக் குறிக்கும் சொல்லே எளிதில் விடுபடுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தமிழிலிருந்து ஆங்கிலம் சென்ற சொற்களும் இப்பேரகராதியில் உள்ளன. கறி, கட்டுமரம், சுருட்டு ஆகியவை மர்ரே தாமே பதிப்பித்த பகுதிகளில் அடங்கியவை. அவர் பதிப்பித்த மற்றொரு சொல் நம் நெஞ்சைத் தொடுவது. ஆங்கிலத்தில் ‘பரையா’ என ஒலிக்கும் அச்சொல், சமூகத்தால் விலக்கப்பட்டவன் என்னும் பொருளில் உலகெங்கும் வழங்குகிறது. இந்தியாவில் தெருவில் திரியும் நாய்க்கும் அதனை அடையாக்கினர். இச்சொல்லின் பிறப்பை மர்ரேயின் அகராதி மூடி மறைக்கவில்லை. இது தமிழ்ச் சொல். தென்னிந்திய மக்கட்பிரிவு ஒன்றின் பெயர். பறை முழக்குவோர் என்பது அதன் மூலப்பொருள் என்று தெளிவாகக் காட்டிற்று. ஆங்கில எழுத்தில் அச்சொல் தென்பட்ட பழைய ஆண்டாக 1613-ஐயும் குறித்தது.

இதனால் நாம் பெறுவது யாது? பறை என்பது தொல்காப்பியம் திணைதோறும் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்து எண்ணிய இசைக்கருவி. அதனோடு இயைந்த பெயர் இழிவுப் பொருள் பெற்றது இயற்கையால் அன்று. மனிதர் வழங்கிய வழக்கால். வழக்கால் வந்த இழிவு வழக்கால் நீங்கும். ஒரு பொருள் இன்ன ஆண்டில் தோன்றிற்று எனக் காட்ட முடியுமாயின், அது என்றும் இருந்ததன்று என்பதும் உறுதியாகிறது. இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் சென்னையில் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பிறர் வசையாக வழங்கிய பெயரைத் தலை நிமிர்ந்து தாமே எடுத்து வழங்கிய அச்செயல், சொல்லின் வரலாற்றை மாற்றும் செயலாகும். 1907-இல் இதழ் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரும் சொற்களின் பழம்பொருளை ஆராய்ந்தே நம் மக்களின் வரலாற்றை மீட்க முற்பட்டார். அண்ணல் அம்பேத்கர் தம் ஓயாத பணிகளுக்கிடையே பாலி மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தொகுத்தார். மராட்டிய அரசு 1998-இல் அவற்றை அவர்தம் நூல் தொகுதிகளுள் பதினாறாவதாக வெளியிட்டது. சொல்லை ஆள்வோர் கையில்தான் பெயரும் மதிப்பும் இருக்கின்றன என்பதை இம்மூவரும் அறிந்திருந்தனர்.

மறைவும் நிறைவும்

பேரகராதியைத் தம் எண்பதாம் பிறந்தநாளுக்குள் முடித்துவிட மர்ரே விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. 1915-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26-ஆம் நாள், நுரையீரல் உறை அழற்சியால் தம் 78-ஆம் வயதில் காலமானார். ஆங்கில எழுத்துகளுள் முதல் நான்கும், எட்டு முதல் பதினொன்று வரையும், பதினைந்தாவதும் பதினாறாவதும், இருபதாவதும் அவர் பொறுப்பில் வந்தவை. மொத்தப் பக்கங்களில் ஏறத்தாழப் பாதி அவர் பதிப்பித்ததே.

எஞ்சிய பணியை பிராட்லி, கிரெய்கி, ஆனியன்ஸ் என்னும் பதிப்பாசிரியர்கள் முடித்தனர். இவருள் பிராட்லியும் பல்கலைக்கழகம் புகாதவர். ஷெபீல்டு நகரில் கத்தி வணிக நிறுவனமொன்றில் எழுத்தராயிருந்தவர். மர்ரேயின் மகள் ராஸ்பிரித் தந்தை மறைந்த பின்னரும் இறுதிவரை அப்பணியில் நின்றார். 1928-இல் அகராதி நிறைவெய்தியபோது அதில் 4,14,825 சொற்களும் 18,27,306 சான்றுத் தொடர்களும் இருந்தன. பத்தாண்டு என மதிப்பிட்ட பணிக்கு ஒப்பந்த நாளிலிருந்து 49 ஆண்டுகளும், முதல் எண்ணம் பிறந்த நாளிலிருந்து 71 ஆண்டுகளும் ஆயின.

இளைஞர்க்கு

மர்ரேயின் வறுமையும் நம் மக்களின் வறுமையும் ஒன்றே எனக் கூறுதல் உண்மையாகாது. கட்டணம் இல்லாமையால் அவர் பள்ளியை விட்டார்; பள்ளி வாயிலில் அவரை எவரும் தீண்டத்தகாதவர் என நிறுத்தவில்லை. பொதுக்கிணற்றில் அவர் நீர் அருந்தத் தடையில்லை. ஆதலின் அவர் முயன்றார், உயர்ந்தார். நீயும் முயன்றால் போதும் என்று கூறி அமைவது நம் நோக்கமன்று. முயற்சியோடு உரிமையும் வேண்டும். அதற்கான போராட்டமும் வேண்டும். நம் கழகம் தோன்றியதே அதன் பொருட்டுத்தான். ஆயினும் உரிமை பெற்ற பின்னர் அதனைக் கொண்டு யாது செய்வது என்பதற்கு மர்ரே போன்றோர் வாழ்க்கை வழிகாட்டும்.

பல்லாண்டு அரசுப் பள்ளிகளில் பணியாற்றி நாம் கண்டது ஒன்றுண்டு. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் படிப்பை விட்டு, செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் பிள்ளைகளுள் அறிவிற் குறைந்தோர் மிகச் சிலரே. அவருள் எத்துணை மர்ரேக்கள் மறைந்தனரோ! அத்தகைய பிள்ளை ஒருவரேனும் தம் தெருவில் உளரேல், அவரை மீண்டும் பள்ளிக்கு அழைத்து வருதல் கழக உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமை. பள்ளிக்கு வர இயலாத வயதினர்க்குத் தனித்தேர்வும் அஞ்சல்வழிக் கல்வியும் உண்டு. முப்பத்தாறாம் வயதில் பட்டம் பெற்றவரின் வரலாற்றையே இதுவரை படித்தோம்.

மற்றொரு பணியும் நம் முன் உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. ஆயினும் நம் பெரியோர் பறையடிக்கும் அடிவகைகளுக்கு வழங்கும் பெயர்கள், தோல் பதனிடுவோர் சொற்கள், நாற்று நடும் பெண்டிர் வாயில் வழங்கும் சொற்கள், ஏரி மடை திறப்போர் வழக்குகள் ஆகியவற்றுள் அச்சேறாதவை இன்னும் பல. அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஒரு முதியவர் மறைந்தால் அவர் மட்டும் அறிந்திருந்த சொற்களும் அவரோடு மறைகின்றன.

இவற்றைத் தொகுக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மர்ரேயின் சீட்டு முறையே போதும். சிறு தாளில் சொல்லை எழுதுக. கூறியவர் பெயர், ஊர், நாள் குறிக்க. அவர் அச்சொல்லை வழங்கிய தொடரை அவர் கூறியவாறே எழுதுக. நாளொன்றுக்கு ஒரு சீட்டு எழுதினும் ஓராண்டில் 365 சீட்டுகள் ஆகும். பத்து இளைஞர் சேரின் மூவாயிரத்துக்கு மேல் வரும். கழக நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குமாறு நிருவாகக் குழுவினரை வேண்டுகின்றோம். அடுத்த விழா மலர் வெளிவரும் நாளில், நம் மக்களின் சொற்களை நம் மக்களே தொகுத்த அகராதி ஒன்றும் அதனோடு வெளிவருதல் வேண்டும். நம்மைக் குறித்த சொற்களைப் பிறர் எழுதிய காலம் நீண்டது. இனி அவற்றை நாமே எழுதுவோம்.